கடவுளோடு பேசாதிருந்த ஏழு மாதம்

மருதாயி அத்தையைப் பற்றி நம் சபைப் பத்திரிகைக்கு எழுதச் சொல்லி உபதேசியார் வேதமாணிக்கம் கேட்டபோது, ஆள் மாறிக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாத்தியார் நாற்காலியில் நாயுருவி முள் இருந்த விஷயத்துக்குப் பிறகு, பள்ளிக்கூடம் என்னை விட்டது என்று சொன்னாலும் தப்பில்லை. அது போக, பத்திரிகையில் இதுவரை வந்த வரலாறுகள் எல்லாம் இறந்துபோனவர்களுடையவை. அத்தை உயிரோடு இருக்கிறாள். நேற்றுகூட என்னைத் திட்டினாள்.

"செத்தவுங்களப் பத்தி யாரு வேணாலும் எழுதலாம், அழகி. எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்லவா போறாங்க? இருக்குறவுங்களப் பத்தி எழுதுறப்பத்தான் பொய் சொல்ல முடியாது. ஒனக்கு அந்தப் பழக்கம் வரட்டும்" என்றார் உபதேசியார்.

அப்படிச் சொல்ல அவருக்குக் காரணம் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அத்தை என் அப்பாவுக்குத் தங்கை. கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே நாலு மைலில், முந்திரிக் காட்டை ஒட்டி எங்கள் தெரு. பதினெட்டுக் கிறிஸ்தவக் குடும்பம், ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்னக் கோவில். சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த வருஷம் அத்தைக்குக் கலியாணம். மாமா பெயர் இருளாண்டி. பாறையில் கல் உடைத்து ரோட்டுக்கு ஜல்லி போடுகிற வேலை. கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்னால்தான் ஞானஸ்நானம் எடுத்தார். வேதத்தில் மீன் விழுங்கிய யோனாவின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி இன்றுவரை ஒரு மீன்கூட அவரைக் கூப்பிட்டதில்லை.

அத்தையும் மாமாவோடு ஜல்லி உடைத்தாள். முந்திரிக் காலத்தில் கொட்டை பொறுக்கப் போவாள். மழை இல்லாத வருஷங்களில் முதல் பெண் பிறந்து, பதினோராவது மாதம் வாந்திபேதியில் போனது. இரண்டாவது பிறக்கும்போதே உயிரில்லை. மூன்றாவதாக நல்லதம்பி பிறந்தான். அவன் தங்குவான் என்று யாரும் சொல்லவில்லை. தங்கினான். ஒன்பது வருஷம் தங்கினான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் நல்லது நடந்தால் ஞாயிற்றுக்கிழமை காணிக்கையோடு ஒரு துண்டுச் சீட்டு வைப்போம். இன்னார், இன்ன நன்மைக்காக நன்றி செலுத்துகிறார் என்று அதில் எழுதியிருக்கும். உபதேசியார் அதைச் சபை கேட்க வாசிப்பார். சபையார் ஸ்தோத்திரம் என்பார்கள். மற்றவர்கள் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வைப்பார்கள். பிள்ளை பாஸானதற்கு, மாடு கன்று போட்டதற்கு. அத்தை வாரம் தவறாமல் வைப்பாள். காணிக்கைக்கு ஒரு முட்டை, இல்லாவிட்டால் ஒரு பிடி வேர்க்கடலை. காரணம் மட்டும் அவளுக்குக் குறைந்ததே இல்லை. பருத்திச் செடியில் பூச்சி போனதற்கு. கால் பெருவிரலில் விழுந்த கல், நகத்தோடு நின்றுபோனதற்கு. ஒரு தடவை, கீரமங்கலத்தில் மழை பெய்ததற்கு.

"கீரமங்கலத்துல பேஞ்சா நமக்கு என்ன அத்த? இங்கிட்டு ஒரு சொட்டு இல்லயே" என்றேன்.

"அங்கிட்டுப் பேஞ்ச மேகத்துக்கு இங்கிட்டு வர வழி தெரியாதா? எழுதுடி."

அத்தைக்கு எழுதத் தெரியாது. முன்பு யார் யாரோ எழுதிக் கொடுத்தார்கள், எனக்குப் பதினோரு வயது ஆனதிலிருந்து நான்தான் எழுதினேன். தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் எழுத்தர். அந்தப் பதவியை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார், கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, குரல் மாறாமல் வாசித்தார்: "சகோதரி மருதாயி அவர்கள், தம் வீட்டுக்காரர் இந்த வாரம் இரண்டு தடவை குளித்ததற்காக நன்றி செலுத்துகிறார்கள்."

ஆண்கள் பக்கத்தில் மாமா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எங்கள் தெருச் சின்னப்பிள்ளை அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். கோவிலை விட்டு வந்ததும் அத்தை என் காதைப் பிடித்தாள். அடி விழும் என்று பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பில் கண்ணே மூடிப்போனது.

"கோயில்ல பொய் சொல்லலாமாடி? ரெண்டு தடவ எங்க குளிச்சாரு. ஒரு தடவதான்."

போன வருஷம் சித்திரையில் நல்லதம்பிக்கு முகம் வீங்கியது. காலையில் எழுந்தால் கண் இமை இரண்டும் பூசணிப் பூ மாதிரி இருக்கும், மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். பிறகு வடியவில்லை. வயிறு, கால் என்று இறங்கியது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். உடம்பில் நீர் கோத்துவிட்டது, உப்பே ஆகாது, கூடவே ஆள் தங்க வேண்டும் என்றார் டாக்டர். அத்தை அங்கேயே தங்கினாள். மாமா கல் உடைத்துப் பணம் கொடுத்து அனுப்பினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் அரிசியும் துணியும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன்.

நல்லதம்பி எனக்கு முறை மாப்பிள்ளை. எனக்கு ஏழு வயது சின்னவன். தெருவில் எங்களைச் சேர்த்து வைத்துக் கேலி செய்தால் அவனுக்குத்தான் கோபம் வரும்.

"இவளக் கட்டிக்கிட்டா காலம் பூரா சோத்துல கல்லு இருக்குமா முள்ளு இருக்குமான்னு பாத்துப் பாத்துத் திங்கணும்" என்பான்.

கட்டிலில் படுத்துக்கொண்டும் அதே வாய்தான். "அழகி, அடுத்த தடவ வாரப்ப ஒரே ஒரு ஊறுகாத் துண்டு கொண்டா. ஒன்னையக் கட்டிக்கிறேன்."

"ஊறுகாய்க்கு என்னைய விக்கிறியாடா?"

"நாரத்தங்காய் ஊறுகான்னா ரெண்டு தடவ கட்டிக்கிறேன்."

அத்தை அவனுக்கு உப்பில்லாத கஞ்சி ஊட்டினாள். மிச்சத்தை அப்படியே தானும் குடித்தாள். நான் கொண்டுபோன குழம்பைத் தொடவில்லை. நீங்க உப்புப் போட்டுத் தின்னா அவனுக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டதற்கு, "அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எனக்கு எறங்காதுடி" என்றாள். அங்கிருந்தும் சீட்டு தவறவில்லை. இன்ன வாரம் பிள்ளை மூன்று வாய் கூடக் குடித்தான், நன்றி. இன்ன வாரம் இரண்டு மணி நேரம் தூங்கினான், நன்றி. நான் எழுதிக்கொண்டு வந்து வைப்பேன்.

ஆனியில் நான் போனபோது அவன் என்னிடம் ஊறுகாய் கேட்கவில்லை. என்னைப் பார்த்தான். அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு ஒரே நினைப்பு. எங்கள் சபையில் வாசித்த சீட்டு ஒன்றுகூடப் பொய்யானதாக நான் பார்த்ததில்லை, என்னுடைய அந்தக் குளியல் சீட்டைத் தவிர. நடந்தது, வாசித்தார்கள். அப்படியானால் முதலில் வாசித்துவிட்டால் என்ன? பதினெட்டுக் குடும்பமும் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்ன பிறகு, அதைச் செய்யாமல் இருக்கக் கடவுளுக்கே கூச்சமாக இருக்காதா? இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்குப் பெரிய யோசனையாகத் தெரிந்தது.

அத்தையின் கோழி இட்ட முட்டை ஒன்றை எடுத்தேன். சீட்டில் எழுதினேன்: "மகன் நல்லதம்பி பூரண சுகம் அடைந்ததற்காக. மருதாயி."

உபதேசியார் வாசித்தார். வாரம் தோறும் பார்க்கிற என் கையெழுத்துத்தானே, அவர் சந்தேகப்படவில்லை. பெண்கள் அழுதார்கள். நான் திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தேன். மாமா அங்கே இருப்பார் என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. இது கடவுளுக்கும் எனக்கும் நடுவில் என்றே நினைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் மாமா என் இரண்டு தோளையும் பிடித்தார். என்னிடம் அதற்கு முன் அவர் பேசியது பத்து வார்த்தை இருக்கும்.

"கடுதாசி வந்துச்சா, தாயி?"

அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முன்பல் ஒன்று இல்லை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "ம்" என்றுதான் வந்தது.

மாமா சாப்பிடக்கூட இல்லை. எங்கள் தெரு நாகராசுவின் மாட்டுவண்டியைக் கேட்டார், வைக்கோலை மெத்தென்று பரப்பினார். பொங்கலுக்குத் தைத்து நல்லதம்பி போடாமல் வைத்திருந்த நீலச் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நாகராசு மாட்டை விரட்டினான். நான் முந்திரிக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, இப்போதாவது செய்யுங்கள், செய்யுங்கள் என்று கடவுளைப் போட்டு உலுக்கினேன்.

மறுநாள் மத்தியானம் பெண்கள் தெரு முனையில் பானகம் கரைத்து வைத்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் வேப்பங்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றன. வண்டி தெரிந்தது. நாகராசு வண்டியில் உட்காராமல் மாட்டுக்குப் பக்கத்தில் நடந்து வந்தான். அதைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை அக்கா பானகச் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

அத்தை வைக்கோலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் நல்லதம்பி தலை. நீலச் சட்டை அவனுக்கு வயிற்றில் பொத்தான் போட முடியாமல் திறந்து கிடந்தது. திங்கட்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டான் என்று நாகராசு சொன்னான்.

சாயங்காலம் அடக்கம் செய்தோம். மூன்று நாள் நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். சாப்பிட்டேன், அம்மா அடித்து ஊட்டினாள். நாலாம் நாள் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். மாமா சுவரில் சாய்ந்திருந்தார். கடுதாசி எதுவும் வரவில்லை, நானாகத்தான் எழுதினேன் என்று சொன்னேன்.

உலை கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதை இறக்கக்கூட அத்தைக்குத் தோன்றவில்லை. கடைசியில் மாமாதான் சொன்னார்.

"அந்தச் சீட்டு இல்லாட்டி நான் போயிருக்க மாட்டேன். ராப் பூரா அவன் கையப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பான்னு ஒருக்காச் சொன்னான்."

"அதுக்காகப் பொய்யி பொய்யில்லன்னு ஆயிருமா?" என்றாள் அத்தை. என் பக்கம் திரும்பினாள். "வெளையாட்டுக்கு எழுதுனியா, நம்பி எழுதுனியா?"

"நம்பித்தான் அத்த."

"என்னான்னு நம்புன?"

"சபையில வாசிச்சுட்டா அவரு செஞ்சுதான் ஆகணும்னு."

அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"நானும் அப்பிடித்தாண்டி பத்து வருசமா எழுதச் சொன்னேன். நன்றி, நன்றின்னு வாரா வாரம் வச்சுக்கிட்டே இருந்தா, அவரு கை நம்ம புள்ள மேல வராதுன்னு. நீ ஒரு சீட்டு எழுதுன. நான் எத்தன எழுதச் சொன்னேன்னு எனக்கே தெரியல."

அன்றைக்கு அவள் என்னை அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் என்னைக் கூப்பிட்டாள். "சபையில ஒரு பொய்யி நிக்குது. அத எடுக்கணும். நான் சொல்றத மட்டும் எழுது." அவள் சொன்னது இவ்வளவுதான்: நல்லதம்பி சுகமாகவில்லை. திங்கட்கிழமை இறந்துபோனான். மருதாயி.

உபதேசியார் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "மருதாயி, இது நன்றிச் சீட்டுல வருது. நன்றின்னு ஒரு வார்த்த இல்லயேம்மா."

"வாயில வந்தா அப்புறம் எழுதறேன் ஐயா. இப்ப இருக்குறத வாசிங்க."

வாசித்தார். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை, சொல்லலாமா என்றே யாருக்கும் தெரியவில்லை. நான் எழுந்து, முந்தின சீட்டை நானாகத்தான் எழுதினேன், அத்தை சொல்லவில்லை என்று சொன்னேன். உட்காரச் சொல்லி யாரும் சொல்லாததால் முடிகிறவரை நின்றுகொண்டே இருந்தேன்.

அதன் பிறகு அத்தை சீட்டு வைக்கவில்லை. பாட்டு வந்தால் எல்லோரோடும் எழுந்து நிற்பாள், வாய் மட்டும் அசையாது. ஜெபத்தில் கண்ணைத் திறந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் சனிக்கிழமை தவறாமல் வந்து கோவிலைப் பெருக்குவாள், பானையில் தண்ணீர் நிரப்புவாள், விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பாள். இது அவள் புதிதாகப் பிடித்த வேலை இல்லை, கலியாணமான நாளிலிருந்து செய்வதுதான். பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். சின்னப்பிள்ளை அக்காதான் முதலில் சொன்னாள்: "மருதாயி விசுவாசத்த விட்டுப் பின்வாங்கிப் போயிட்டா. வெளக்கத் தொடச்சா ஆச்சா?"

ஐப்பசியில் ஒரு நாள் உபதேசியார் அத்தை வீட்டுக்கு வந்தார். நான் அங்கே அத்தைக்குக் கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"கடவுள் மேல கோவமாம்மா?"

"கோவந்தாங்க ஐயா."

"அவரு நல்லவருன்னு இப்ப நம்பலயா நீ?"

"நம்புறதாலதான கோவம். கெட்டவருன்னா அவருகிட்ட எனக்கு என்ன பேச்சு, போங்கன்னு வந்துருப்பேன்ல." அத்தை கடலைத் தோலை ஊதினாள். "இவ மாமா என்னைய ஒருக்கா நாலு பேரு முன்னால கைநீட்டிட்டாரு. ஆறு மாசம் பேசல நான். ஒரு நாளாச்சும் சோறாக்காம இருந்தனா? புருசன அத்துக்கிட்டுப் போயிட்டான்னு யாராச்சும் சொன்னாங்களா? அது மாதிரிதான் ஐயா. வீட்ட வுட்டுப் போவல. பேச்சுத்தான் வரல."

உபதேசியார் வேதத்தைக் கொண்டு வந்திருந்தார். அதைத் திறக்கவே இல்லை. போகும்போது, "சரிம்மா. அவரு காத்துக்கிட்டு இருப்பாரு" என்று மட்டும் சொன்னார். அவர் கடலையும் கொஞ்சம் உரித்துவிட்டுப் போனார் என்பதை இங்கே எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

தை பிறந்து நாலாம் நாள், சின்னப்பிள்ளை அக்காவின் மகள் ராசாத்திக்கு முகம் வீங்கியது. நாலு வயதுப் பிள்ளை. அதே வீக்கம், காலையில் கண் இமையில் ஆரம்பிக்கிற அதே வீக்கம். அக்கா யார் யார் வீட்டுக்கோ ஓடினாள், அத்தை வீட்டைத் தவிர. எந்த முகத்தோடு வருவாள்?

பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்த சேதி அத்தைக்குத் தெரிந்ததும் ஒரு பையில் இரண்டு சேலையும் ஒரு ஈயச் சட்டியும் எடுத்து வைத்தாள். "சட்டி எதுக்கு அத்த?" என்றேன். "அவ உப்புப் போட்ட சட்டியிலயே புள்ளைக்கும் காய்ச்சுவா. அது ஆகாது. தனியாக் காய்ச்சணும்." பையை என் தலையில் வைத்து நடக்கச் சொன்னாள்.

அதே ஆஸ்பத்திரி. அதே வார்டு. நல்லதம்பி படுத்திருந்த கட்டிலில் வேறு யாரோ ஒரு பையன் இருந்தான், அவனுக்கு இரண்டு கட்டில் தள்ளி ராசாத்தி. வாசலிலேயே அத்தையின் நடை நின்றுவிட்டது. நான் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு உள்ளே போனாள்.

அக்கா அத்தையைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நான் ஒங்கள என்னென்னமோ பேசிட்டேன் மதினி" என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் ஊருக்கு வந்து பேசிக்கலாம். நீ எப்ப சாப்பிட்ட? போயி எதாச்சும் தின்னுட்டு வா. நான் பாத்துக்கறேன்."

அக்கா போனாள். அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வீங்கிப் பளபளத்த அந்தக் காலை மெள்ளப் பிடித்துவிட்டாள். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் பின்னால் அவள் குரல் கேட்டது. என்னிடம் ஏதோ சொல்கிறாள் என்று திரும்பினேன். என்னிடம் இல்லை.

"எனக்கு நீங்க தரல. ஏன்னு இன்னைக்கு நான் கேக்க வரல. கேப்பேன், பெறகு கேப்பேன். இந்தப் புள்ளயக் குடுங்க. ஒங்களால முடியும்னு எனக்குத் தெரியும், அதான் எனக்கு இத்தன நோவு." மூச்சு வாங்கினாள். "குடுத்தாலும் குடுக்காட்டியும் நீங்க இந்தக் கட்டிலு பக்கத்துலயே இருங்க. எந்திரிச்சுப் போயிராதீங்க. அன்னைக்கும் இருந்தீங்கன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நல்லதம்பி போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. தூக்கம் கலைந்த ராசாத்தி அத்தையின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கவிழ்ந்த முகம் யாருடையதென்று தெரியாமல் என்னைப் பார்த்தது.

இது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பிள்ளைக்கு வீக்கம் ஒரு நாள் வடிகிறது, ஒரு நாள் ஏறுகிறது. டாக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. அத்தை நேற்று ஊருக்கு வந்து, கோவிலைப் பெருக்கி, மாமாவுக்கு இரண்டு நாளைக்குக் குழம்பு வைத்துவிட்டு, இன்று காலைப் பஸ்ஸில் திரும்பிப் போனாள்.